கால் சுற்று

ஆறில் நாலு வந்துவிட்டன.
ஐந்தாவது இளகுவது போல ஒரு கணம் காட்டியது.
சந்தோஷப்பட்டேன்.
பிறகு ஸ்பானர் பாரமில்லாமல் சுற்றியது,
தலை மட்டும் கழன்று மண்ணெண்ணெய்த் தட்டில் விழுந்தது.
இளகுவதும் முறிவதும்
கைக்கு முதலில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.
ஆறாவதை அது தெரிந்துகொண்டே முறித்தேன்.

மனிபோல்டை இழுத்தெடுத்தால்
இரண்டும் எஞ்சின் முகத்தோடு மட்டமாய்.
குறட்டுக்குப் பிடிக்க ஒரு நுனி இல்லை.

தோகாவிலிருந்து அவர் எடுத்தார்.
"போனைக் கிட்டப் பிடி."
பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"மல்லாவிக் கராஜில குடு."
கராஜ்காரன் ஹெட்டைக் கழற்றவேணும் என்பான்,
மூன்று கிழமை என்பான்.
துணுக்காயில் முதல் மழை விழுந்து
எல்லாரும் உழத் தொடங்கிவிட்டார்கள்.
அதைச் சொல்ல வாயெடுக்க
படம் உறைந்து நின்றது,
ஏதோ சொல்லப்போகும் அவர் வாயோடு.

நடுவில் குறி குத்தி டிறிலைப் பிடித்தேன்.
முறிந்த முகம் சரிவு. அலகு வழுக்கிப் போய்
வார்ப்பிரும்பில் ஒரு வெள்ளைக் கீறல் போட்டது.
இனி யார் இதைத் திறந்தாலும்
இங்கே ஒருத்தி அவசரப்பட்டாள் என்று தெரியும்.

பின்னேரம் பரஞ்சோதி வெல்டிங் பெட்டியோடு வந்தான்.
முறிந்ததன் மேல் ஒரு நட்டை வைத்து
ஓட்டைக்குள்ளால் உருக்கி ஒட்டவேணும்.
அவன் கம்பியைத் தொட
மூன்று வீட்டு வெளிச்சம் மங்கியது.
நாடகம் நின்றுபோச்சென்று
லூர்தம்மா வேலிக்கு அங்கால் கத்தினாள்.
முதல் நட்டு திருப்பக் கழன்றது.
இரண்டாவதும்.
மூன்றாவதுக்கு லூர்தம்மாவே வந்து நின்றாள்,
டோர்ச்சை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு.

காட்டுப்பக்கம் யானைவெடி.
டோர்ச் வெளிச்சம் ஒருக்கால் எஞ்சினை விட்டு விலகி
திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது.
ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

நட்டின் சிவப்பு கறுக்கும் வரை பொறுத்திருந்து
ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்தேன்.
உருகிப் புகைந்து புரிகளுக்குள் இழுபட்டது.
கால் சுற்று இடப்பக்கம். இறுகியது.
அரைக்கால் திரும்ப வலப்பக்கம்.
மெழுகு. பிறகும் இடம்.
கீச்சென்று ஒரு சத்தம்,
பன்றிக்குட்டி மாதிரி என்றாள் லூர்தம்மா,
பிறகு விரலாலேயே கழற்றக்கூடியதாய் வந்தது.

துடைத்துப் பார்த்தால் அது போல்ட்டே இல்லை.
கொங்கிறீட்டுக்குப் போடும் முறுக்குக் கம்பி.
அரத்தால் ராவி, கையால் புரி வெட்டியிருக்கிறது.
நடுவில் கம்பியின் வரிகள் இன்னும் தெரிகின்றன.
தாண்டிக்குளத்துக்கு இங்கால்
ஒரு நட்டும் வராத வருஷங்களில்
யாரோ குந்தியிருந்து செய்தது.
"எந்த விசரன்ரை வேலை" என்று பரஞ்சோதி சிரித்தான்,
பிறகு வாங்கி வெளிச்சத்தில் உருட்டினான்,
சிரிப்பை நிறுத்தினான்.
"புரி ஒண்டும் கோணேல்லை."

இந்த மெசியை நான் வாங்கியது மூன்றாம் கையில்.
செசி நம்பரை யாரோ அராவியிருந்தார்கள்.
முதல் யாருடையது என்று விற்றவன் சொல்லவில்லை,
விலை குறைவென்பதால் நானும் கேட்கவில்லை.

மாதிரிக்குக் கடைக்குக் கொண்டுபோகலாமென்று
சட்டைப்பைக்குள் போட்டேன்.
"இதுக்கு அளவு கிடைக்காது" என்றான் பரஞ்சோதி.
சூடு ஆறவில்லை, துணிக்குள்ளால் சுட்டது.

ஆறாவதுக்கு நேரம் போதவில்லை.
குளவிக்கூடு போல களிமண்ணில் ஒரு கிண்ணம் பிடித்து
எஞ்சின் முகத்தில் அப்பி
அதற்குள் டீசல் விட்டேன்.

விடிய எழும்பிப் பார்க்க
டீசல் மட்டம் இறங்கியிருந்தது.
புரிக்குள் போயிருக்கலாம்.
மண் குடித்தும் இருக்கலாம்.